ஆயிரம் கிராம் என்ற கருதுகோள்

கெர்கினாவைப் பிடித்து உள்ளே வைத்து முப்பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. அவள்மேல் இன்னும் குற்றம் எதுவும் சாட்டப்படவில்லை. கருதுகோள் மட்டும் சாட்டப்பட்டிருந்தது.

அந்த நேரம் முழுவதும் லூபென் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அதற்கு முன்னால் சாப்பிட்டதுதான் அவனை வாட்டிக்கொண்டிருந்தது.

சோஃபியாவில் இருந்த சராசரிக் கழகத்தில் அவன் மூன்றாம் நிலை மாதிரி சேகரிப்பாளன். கழகம் சொல்கிற ஊருக்கு வேனில் போக வேண்டும். அங்குள்ள ரொட்டி ஆலையில், கழகம் சொல்கிற எண்ணிக்கையில், கண்ணை மூடிக்கொண்டு ரொட்டிகளை எடுத்து வர வேண்டும். பாரபட்சம் கூடாது என்பதற்காகக் கண்ணை மூடுவது விதி. இந்த விதியால் அவன் இரண்டு முறை அடுப்புக்குள் கை விட்டிருக்கிறான்.

நாட்டில் வேகிற எல்லா ரொட்டியையும் நிறுத்துப் பார்க்க முடியாது. ஒன்பது ரொட்டியை நிறுத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் பற்றிச் சொல்லிவிடுவதற்காகத்தான் கழகம் ஏற்பட்டது. ரொட்டியின் சராசரி எடை ஆயிரம் கிராம் என்பது சட்டம். ‘இந்த ஆலையின் சராசரி ஆயிரம் கிராம்’ என்று கழகம் முதலில் வைத்துக்கொள்ளும். யாரும் அதை நம்புவதில்லை, வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அதற்குப் பெயர் கருதுகோள். பிறகு மாதிரியை நிறுப்பார்கள். நேர்மையான ஆலை ஒன்றிலிருந்து இவ்வளவு விலகிய மாதிரி தற்செயலாக வர நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான வாய்ப்புதான் என்று கணக்கு சொன்னால், கருதுகோள் நிராகரிக்கப்படும். கூடவே ஆலையின் பொறுப்பாளரும் நிராகரிக்கப்படுவார். எடை குறைந்தால் மக்களின் ரொட்டியைத் திருடியவர். கூடினால் அரசின் மாவை வீணடித்தவர். இரண்டு பேருக்கும் ஒரே கல் குவாரிதான்.

நிராகரிக்கப்படாதவர்களும் நிரபராதிகள் ஆகிவிட மாட்டார்கள். ‘இப்போதைக்கு நிராகரிக்கப் போதிய ஆதாரம் இல்லை’ என்று ஒரு சான்றிதழ் தருவார்கள். அதை வாங்கியவர்கள் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆலைச் சுவரில் மாட்டிவிட்டு, அதற்கு நேர் கீழே நிற்காமல் பார்த்துக்கொள்வார்கள்.

கோர்னா லிபா ஆலையின் பொறுப்பாளர் கெர்கினா. ஐம்பது வயதிருக்கும். ஒன்பது ரொட்டிகளையும் அவளே சாக்கில் அடுக்கிக் கொடுத்தாள். “சூடா இருக்கு தம்பி, சாக்கை இறுக்கிக் கட்டாதே, வேர்த்துப் போகும்,” என்றாள். வெளியே பனி கொட்டியது. வேனில் சூடேற்றி வேலை செய்யவில்லை. இருந்த ஒரே சூடு அந்தச் சாக்கிலிருந்து வந்தது. கூடவே வாசனையும் வந்தது.

அந்த நாட்டில் யாரும் முழு ரொட்டியை வீடு கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை. கடையை விட்டு வெளியே வந்ததும் மொறுமொறுப்பான நுனியைக் கை தானாகப் பிய்க்கும், வாய் தானாக மெல்லும். ரொட்டி வாங்கப் போன பிள்ளை முழு ரொட்டியோடு திரும்பினால், தாய் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்ப்பாள். லூபெனின் சட்டைப் பையில், ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் மசாலா கலந்த வண்ண உப்பு எப்போதும் ஒரு பொட்டலம் இருக்கும். மலைப்பாதையில் இறங்கும்போது அவன் கை சாக்குக்குள் போனது. அவன் அனுப்பவில்லை. போனது.

தின்று முடித்த பிறகுதான் உறைத்தது. எட்டு ரொட்டி முழுதாக இருந்தன. ஒன்று மட்டும் மொட்டையாக இருந்தது. அவனுக்குக் குப்பென்று வியர்த்தது. வித்தியாசமாக இருப்பதைத்தான் கேள்வி கேட்பார்கள், ஒரே மாதிரி இருந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்பது அங்கே எல்லோரும் பிறந்ததிலிருந்து அறிந்தது. வேனை ஓரம் கட்டி, மீதி எட்டின் நுனிகளையும் ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தின்றான். கடைசி இரண்டையும் தண்ணீர் குடித்து விழுங்கினான். ஒன்பதும் ஒரே மாதிரி ஆனதும் பயம் தெளிந்தது.

மறுநாளே கெர்கினாவைக் கூட்டிவந்துவிட்டார்கள்.

“அற்புதம், தோழர் லூபென்!” என்றார் கழகத்தின் தலைவர் திரிஃபோனோவ். அவர் அறைக்குக் கூப்பிட்டாலே ஆட்கள் மனைவியிடம் சொல்லிக்கொண்டு வருவார்கள். லூபெனுக்கு அதற்கும் நேரம் இருக்கவில்லை. “இருபது வருஷ அனுபவத்துல இப்படி ஒரு மாதிரியை நான் பார்த்ததில்ல. சராசரி தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு. சிதறலே இல்ல! ஒன்பது ரொட்டியும் ஒரே அளவுக்குக் குறையுது. ஒண்ணு ரெண்டு மட்டும் குறைஞ்சிருந்தா தற்செயல்னு விட்டிருப்போம். அந்தப் பொம்பள ஒரு ரொட்டியைக்கூட விட்டுவைக்கல பாருங்க.”

லூபென் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

“நம்பிக்கை இடைவெளி தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதுல இருந்து தொள்ளாயிரத்து எழுபத்தேழு. ஆயிரம் இதுக்குள்ள எங்கயாவது தெரியுதா?”

“இல்ல தோழர். அப்ப… அவங்க ரொட்டியோட உண்மையான சராசரி இதுக்குள்ள இருக்க, நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு வாய்ப்பு இருக்குன்னு…”

திரிஃபோனோவ் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“இன்னொரு தடவை அப்படிச் சொல்லாதீங்க. இதைச் சொன்ன ஆளு ஒருத்தர் இந்த மாடியிலதான் இருந்தாரு. உண்மையான சராசரி இருக்கிற இடத்துல இருக்கு. அது நகராது. நம்ம இடைவெளிதான் ஒவ்வொரு மாதிரிக்கும் நகரும். நம்ம முறை நூறு தடவைக்குத் தொண்ணூத்தஞ்சு தடவை சரியா இருக்கும். இந்தத் தடவை சரியான்னு கேக்கறது அநாகரிகம்.”

“கேக்கல தோழர்.”

“நல்லது.”

லூபெனின் மூளையில் அப்போது ஒரே ஒரு வழி தெரிந்தது. மறுபடியும் போய் முழு ரொட்டிகளைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டால் எடை சரியாகிவிடும். அவள் வீட்டுக்குப் போய்விடுவாள். யாரும் எதையும் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

“தோழர், மாதிரி இன்னும் பெரிசா இருந்தா… விஞ்ஞானத்துக்கு…”

திரிஃபோனோவின் கண் கலங்கியது. “மூணாம் நிலையில இப்படி ஒரு ஆளா! போய்ட்டு வாங்க. முப்பத்தாறு. போறதுக்கு முன்னாடி கீழ போய் அந்தம்மாகிட்ட எண்ணைச் சொல்லிடுங்க. அதுதான் விதி.”

நிலவறையில் கெர்கினா ஒரு மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். கையில் மாவு இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது.

“தொள்ளாயிரத்து அறுபத்தெட்டா? யார் ரொட்டி?” என்றாள். “ஆயிரத்து நூத்திருபது மாவு வச்சு உருட்டுறேன். நூத்திருபதை அடுப்பு திங்கும். மிச்சம் ஆயிரம். வேற யாரு திங்கறதுக்கு இருக்கா அங்க? எலிகூட இல்ல. பூனை வச்சிருக்கேன்.”

“தெரியலைக்கா.”

“நீதானே கொண்டுபோனே. உன் கண்ணால பாத்தேல்ல, எப்படி இருந்துச்சுன்னு?”

“நான் கண்ணை மூடிக்கிட்டுத்தான் எடுக்கணும், அக்கா. விதி.”

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “உன் முகம் ஏன்டா என் முகத்தைவிட வெளிறிக் கிடக்கு? குவாரிக்குப் போறது நானா நீயா?” அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “சரி, அங்கதானே திரும்பப் போறே. என் அளவுலயே உருட்டற பிள்ளைங்க இருக்காங்க. என் புளிமாவுக்கு ரெண்டு கை மாவும் வெதுவெதுப்பாத் தண்ணியும் விடச் சொல்லு. செத்துப் போயிடும். அதுக்குப் பதினெட்டு வயசு.”

கோர்னா லிபாவிலிருந்து திரும்பும்போது லூபென் கம்பளிச் சால்வையால் வாயைக் கட்டிக்கொண்டு ஓட்டினான். உப்புப் பொட்டலத்தைப் பாலத்திலிருந்து ஆற்றில் எறிந்தான். முப்பத்தாறு ரொட்டிகளும் முழுதாகக் கழகத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தன. மாதிரி சேகரிப்பாளர் வாசலைத் தாண்டி மாதிரியைக் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. வாயிற்காவலர் ஸ்டோய்கோவிடம் ஒப்படைத்துவிட்டு, எதிர்ப்புறக் கடையில் ஒரு கோப்பை போஸா என்ற புளித்த கூழ் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தான். நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனால் இந்த முறை அது நல்ல அடிப்பு.

மாலையில் எண் வந்தது. தொள்ளாயிரத்து எழுபது. இடைவெளி தொள்ளாயிரத்து அறுபத்தாறிலிருந்து எழுபத்துநான்கு வரை. வலை பாதியாகச் சுருங்கியிருந்தது. அவள் இன்னும் உள்ளே இருந்தாள்.

லூபெனுக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. இந்த முறை அவன் தொடவே இல்லையே. அப்படியானால் அவள் உண்மையிலேயே குறைத்துத்தான் போடுகிறாள். அவன் தின்றிருந்தாலும் தின்றிருக்காவிட்டாலும் அவள் மாட்டத்தான் போகிறாள். இந்த நினைப்பு வந்ததும் உடம்பெல்லாம் லேசாயிற்று. அன்றைக்கு வீட்டுக்குப் போய் இரண்டு கிண்ணம் பீன்ஸ் சூப் குடித்துவிட்டுத் தூங்கினான். பயம் விட்டுப்போனவனின் தூக்கம், நியாயமானவனின் தூக்கத்தைப் போலவேதான் இருக்கிறது. பக்கத்தில் படுத்திருந்த மனைவிக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மறுநாள் அமைச்சகத்திலிருந்து ஆட்கள் வருவதாகச் செய்தி வந்தது. கெர்கினாவின் நிராகரிப்பைப் பெரிய மண்டபத்தில் விழாவாக நடத்த முடிவாயிற்று. “நாலு மடங்கு மாதிரி, பாதி அகலம்,” என்றார் திரிஃபோனோவ். “நூத்து நாப்பத்துநாலு ரொட்டி. வந்தவங்க மூச்சு நிக்கணும்.”

விழா நாளன்று காலையில் லூபென் ஆறு சாக்குகளோடு வந்து இறங்கினான். மின்தூக்கி பழுதாகிக் கிடந்தது. “ஆறு மாடிடா,” என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார் ஸ்டோய்கோ. “விதியை ஒரு நாளைக்கு மடிச்சு வச்சுட்டு நீயும் தூக்கு.”

தூக்குவதற்கு முன் சோதனை. ஸ்டோய்கோ முதல் சாக்கைத் திறந்தார். ஒரு ரொட்டியை எடுத்தார், நுனியைப் பிய்த்தார், வாயில் போட்டார், ரொட்டியைத் திரும்ப வைத்தார். அடுத்ததை எடுத்தார்.

“என்ன பண்றீங்க அண்ணே?”

“உள்ள ஏதாவது ஒளிச்சு வச்சிருக்காங்களான்னு பாக்கறேன்.” வாய் நிறைய ரொட்டி. “ஏன்?”

“இல்ல… தின்னீங்களே.”

“யாரு தின்னா?” என்றார் ஸ்டோய்கோ. அவர் முகத்தில் திருட்டுக்களையே இல்லை. அதுதான் லூபெனை நடுங்க வைத்தது.

முதல் மாடியில் தட்டச்சுப் பெண்கள் நான்கு பேர் கதவைத் திறந்தார்கள். “சூடா?” நான்கு கைகள் சாக்குக்குள் போய் வந்தன. இரண்டாம் மாடியில் கணக்குப் பிரிவு வரிசையில் நின்றது. மூன்றாம் மாடியில் ஒருவர் தொலைபேசியில் பேசிக்கொண்டே வந்து, பேசிக்கொண்டே பிய்த்து, பேசிக்கொண்டே போனார். யாரும் ஒரு ரொட்டியில் இரண்டாவது முறை கை வைக்கவில்லை, அது அநாகரிகம். ஏற்கெனவே நுனி போனதை ஒதுக்கிவிட்டு முழு ரொட்டியாகப் பார்த்துத் தேடினார்கள். ஆறாம் மாடிக்குப் போவதற்குள் எல்லா ரொட்டியும் ஒரே மாதிரி ஆகிவிட்டிருந்தன.

அவனுக்குப் புரிந்துவிட்டது. முப்பத்தாறும் இந்தப் படியில்தான் ஏறியிருக்கின்றன. புரியாமல் இருந்த நேற்று எவ்வளவு நன்றாக இருந்தது என்று நினைத்துக்கொண்டான்.

தராசு அறையில் பென்கா கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள். கழகத்திலேயே எடை போடும் உரிமை அவளுக்கு மட்டும்தான்.

“பென்கா அக்கா,” என்றான் லூபென். “இந்த ரொட்டி முழுசா இல்லை.”

“முழுசுன்னா?”

“இதோ, இந்தப் பக்கம்… நுனி.”

பென்கா ரொட்டியைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். அங்கே ஆளுயரத்துக்கு ‘நியம ரொட்டி’யின் படம் தொங்கியது. ஒரு பக்கம் உருண்டை, மறுபக்கம் கரடுமுரடான தட்டை. கழகத்தின் ஓவியர், தன் மேசைக்கு வந்து சேர்ந்த ரொட்டியைப் பார்த்து, மயிரிழை பிசகாமல் வரைந்தது.

“படத்துல இருக்கற மாதிரிதானே இருக்கு.”

“படத்துலயும் நுனி இல்லக்கா.”

“எங்க வீட்டு ரொட்டியும் இப்படித்தான். என் பையன்தான் வாங்கிட்டு வருவான்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “லூபென், சுவருக்குக் காது இருக்கோ என்னவோ, எனக்கு இருக்கு. இங்க யார் என்ன பேசுறாங்கன்னு வாராவாரம் எழுதிக் குடுக்கறதே நான்தான். படம் தப்புன்னு நீ சொன்னியா, சொல்லலையா?”

“சொல்லல.”

“அதானே.” அவள் ஒரு விள்ளலை வாயில் போட்டுக்கொண்டு முதல் ரொட்டியைத் தராசில் வைத்தாள்.

மண்டபத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். அமைச்சகத்து ஆட்கள் முன்வரிசையில். மேடையில் நூற்று நாற்பத்துநான்கு ரொட்டிகளும் தட்டைப் பக்கம் உள்ளே இருக்க அழகாக அடுக்கப்பட்டிருந்தன. கெர்கினாவைச் சுவர் பார்த்து உட்கார வைத்திருந்தார்கள். கருதுகோள் சாட்டப்பட்டவர் பார்த்தால் தரவு மாசுபடும்.

“சராசரி தொள்ளாயிரத்து எழுபது,” என்று தொடங்கினார் திரிஃபோனோவ். “இடைவெளி தொள்ளாயிரத்து அறுபத்தெட்டுலேருந்து எழுபத்திரண்டு. நாலே கிராம் அகலம். தோழர்களே, இந்த இடைவெளிக்குள்ள ஒரு எறும்புகூடத் திரும்பிப் படுக்க முடியாது!”

கைதட்டல்.

“சில பேர் கேக்கறாங்க, நீங்க நேர்மையான ஆளைத் தப்பாப் பிடிச்சுட மாட்டீங்களான்னு. பிடிப்போம். மறைக்க என்ன இருக்கு? நேர்மையானவங்க நூறு பேருல அஞ்சு பேரைத்தான் பிடிப்போம். ஆறாவது ஆளு மேல கை வைக்க மாட்டோம்னு நான் உத்தரவாதம் தரேன். உலகத்துல வேற எந்த நீதிமன்றம் இப்படி எண்ணிச் சொல்லி உத்தரவாதம் தருது? அதுவும் போன வருஷம் நாங்க அஞ்சைத் தாண்டினது நாலு மாசத்துலதான்.”

இன்னும் பலத்த கைதட்டல். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேச்சுக்கு நடுவே திரிஃபோனோவின் இடது கை பக்கத்தில் இருந்த அடுக்குக்குப் போயிற்று. உருண்டைப் பக்கம் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டது. அவர் அதைப் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை. லூபென் பார்த்தான்.

“சம்பிரதாயப்படி, மாதிரி சேகரிப்பாளர் சான்று சொல்லணும். நாலே வார்த்தை. அப்புறம் நிராகரிப்பு. தோழர் லூபென்!”

சொல்ல வேண்டியது அவனுக்கு மனப்பாடம்: எடுத்தது எடுத்தபடியே வந்து சேர்ந்தது. எத்தனையோ விசாரணைகளில் சொல்லியிருக்கிறான். இப்போதும் எழுந்து நின்றான். சொன்னால் அவள் குவாரிக்கு. சொல்லாவிட்டால் அவன். ஒருவேளை இருவருமே. அமைச்சகத்து ஆட்களும் ரொட்டியின் நுனியைப் பிய்த்துத் தின்கிறவர்கள்தான் அல்லவா?

“எடுத்தது…” என்றான்.

திரிஃபோனோவ் மென்றுகொண்டே புன்னகைத்தார். அவர் மீசையில் பொருக்கின் துகள் ஒன்று ஒட்டியிருந்தது.

“எடுத்தது… எடுத்தபடி…”

“இன்னும் ரெண்டே வார்த்தைதான், தோழர்.”

சுவர்ப் பக்கமிருந்து, திரும்பாமலேயே, கெர்கினா பேசினாள். “சொல்லிடு தம்பி. உன்னை என்ன பண்ணச் சொல்றாங்களோ பண்ணிட்டுப் போ. உனக்கும் வீடு வாசல் இருக்கு.”

அவள் திட்டியிருந்தால் அவன் சொல்லி முடித்திருப்பான். அவனுக்கு அழுகை வந்தது. இருநூறு பேர் முன்னால் அழுதுவிடுவோமோ என்ற பயம், வந்த மற்றப் பயங்களையெல்லாம் முந்திக்கொண்டு முன்னால் வந்து நின்றது.

“எடுத்தபடி வரலை,” என்றான்.

மெல்லும் சத்தம் நின்றது. ஒரு வாய் மட்டுமல்ல, பல வாய்கள் நின்றன.

“அந்தம்மா ஆயிரம்தான் குடுத்தாங்க. ரொட்டிக்கு ரெண்டு பக்கமும் நுனி உண்டு, தோழர். படத்துலதான் இல்லை. முதல் ஒன்பதை வேன்ல வச்சு நான்தான்… அப்புறம் வாசல்ல, படியில, ஒவ்வொரு மாடியில, தராசு அறையில, இப்ப இந்த மேடையில…” அவன் கையை எடுத்துச் சுட்ட முயன்றான், கை எழவில்லை. குரல் மட்டும் எழுந்தது. “அந்த முப்பது கிராமை நாமதான் தின்னோம்.”